வீட்டுக்கு ஒரு சீட்டு

சென்னை,
19-1-1968

அன்புள்ள அப்பாவுக்கு,

திரிசலா வணங்கி எழுதுவது. பஸ் வாலாஜாபாத்தில் பஞ்சராகி ஒரு மணி நேரம் நின்றது. மற்றபடி பொங்கல் விடுமுறை முடிந்து நல்லபடியாக விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த அதிரசத்தில் பாதிதான் சென்னை வரை வந்தது. மீதி எங்கே என்று அம்மா கேட்டால் எனக்காக ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மாட்டுப் பொங்கலன்று காலையில் ஒருவர் கழுத்தில் கட்டியோடு வந்தார். ஐந்தே நிமிடத்தில் எடுத்துத் தைத்து அனுப்பினீர்கள். இங்கே எத்தனையோ சர்ஜன்களைப் பார்க்கிறேன், அவ்வளவு சுத்தமான தையல் அபூர்வம். ஆனால் வெட்டியதைத் தட்டில் போட்டீர்கள். கம்பவுண்டர் சிட்டிபாபு அதை எடுத்துப்போய்க் கொல்லைக் குழியில் கொட்டிவிட்டு வந்தார். என்ன கட்டி என்று கேட்டேன். கொழுப்புக் கட்டி என்றீர்கள். எப்படித் தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டே என் தலையில் குட்டினீர்கள்.

அப்பா, உங்கள் மகள் நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பது இந்த மாதிரிச் சதைத் துண்டுகளைத்தான். வெளியூர் டாக்டர்கள் 'சாதாரண மச்சம்' என்று எழுதி அனுப்புவதில் எப்போதாவது ஒன்று புற்றாக இருந்து தொலைக்கிறது. வெறும் கண்ணால் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். இனிமேல் எதை வெட்டினாலும் பாட்டிலில் போட்டு எனக்கு அனுப்புங்கள். அதற்கென்று ஒரு நோட்டும் போடுங்கள். பேர், வயது, உடம்பில் எந்த இடம், நீங்கள் என்னவென்று நினைத்தீர்கள், நான் பார்த்து என்ன சொன்னேன், அதை அவர்களிடம் சொன்னீர்களா என்று எல்லாம் அதில் இருக்கட்டும். விடுதிக்கு எதிர் வீட்டில் குடியிருக்கும் பாங்க் குமாஸ்தா கலியாணசுந்தரம் சனிக்கிழமைதோறும் காஞ்சிபுரம் வருகிறார். அவரிடம் இருபது பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். சதை கெடாமல் இருக்கப் பார்மலின் ஊற்றியே வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் அன்பு மகள்,
திரிசலா


காஞ்சிபுரம்,
27-1-1968

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசி கூறி எழுதியது. கலியாணசுந்தரம் இருபது பாட்டிலையும் உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார். அந்த நெடியில் பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாருமே உட்காரவில்லையாம். காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாக வந்தேன் என்றார்.

உன் அம்மா பாட்டில்களை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நிற்கிறாள். எறும்பைக்கூட மிதிக்காத ஜைனக் குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சதைத் துண்டைச் சேர்த்துவைக்கிற புருஷனும் மகளும் வாய்த்தோம் என்று மதனவதிக்கு மனத்தாங்கல். ஆஸ்பத்திரி அலமாரியில் ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று எனக்கே எழுதுகிறாய். நீ பிறந்தபோது உன் தொப்புள்கொடியை வெட்டியதும் இந்தக் கைதான். அதையும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. இருந்தாலும் மகள் கேட்டுவிட்டாள். அனுப்புகிறேன்.

நோட்டு விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல். இங்கே எல்லாம் வீட்டுக் கணக்கு. முப்பத்து நாலு வருஷமாக வீட்டுக்கு ஒரு சீட்டுதான். வீட்டுப் பெரியவர் பேரில் சீட்டு இருக்கும், மாமியார் இருமலும் குழந்தை பேதியும் அதே சீட்டில் வரிசையாக இருக்கும். பெண்களிடம் பேர் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுப் பேரைத்தான் சொல்வார்கள். எனக்கு முகம் தெரியும், அது போதாதா? சிட்டிபாபுவை நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் அளவுக்குக் கட்டம் கட்டி எழுத அவனுக்கு வராது.

விளக்கு வைப்பதற்குமுன் சாப்பிட்டாக வேண்டும், உன் அம்மா இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. நிறுத்துகிறேன்.

உன் பிரியமுள்ள அப்பா,
தர்மதாஸ்


சென்னை,
3-4-1968

அன்புள்ள அப்பாவுக்கு,

திரிசலா வணக்கம். முதலில் நல்ல செய்தி. நீங்கள் இதுவரை அனுப்பிய பதினோரு பாட்டிலில் பத்தில் ஒன்றுமே இல்லை. நீங்கள் என்ன நினைத்தீர்களோ அதுவேதான். உங்கள் கண்ணைப் பற்றி நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பதினோராவது பாட்டிலைப் பற்றித்தான் அவசரமாக எழுதுகிறேன். அதன்மேல் 'கோதண்டபாணி வீடு, செவிலிமேடு, மச்சம்' என்று சிட்டிபாபு எழுதியிருக்கிறார். உள்ளே இரண்டு துண்டு இருந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறியது சாதாரண மச்சம். பெரியது மெலனோமா. தோலில் வருகிற புற்றிலேயே மோசமானது. அடிப்பக்கம் வெட்டிய விளிம்பு வரைக்கும் இருக்கிறது. அதாவது இன்னும் உடம்பில் மிச்சம் இருக்கிறது.

நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டும் ஒரே ஆளுடையதா? ஒரே ஆள் என்றால் எது எந்த இடத்திலிருந்து எடுத்தது? இரண்டு ஆள் என்றால் எது யாருடையது? நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். அப்படியானால் இரண்டு பேரையும் இங்கே அனுப்பிவிடலாம், இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்ளலாம். அதில் தவறே இல்லை. இரண்டு பேர் துண்டு ஒரே பாட்டிலில் வந்தால் நான் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் சட்டம். அப்பாவுடைய பாட்டில் என்பதால் பிரித்தேன்.

தபால் கிடைத்தவுடன் பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
திரிசலா


காஞ்சிபுரம்,
5-4-1968

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசி. உன் கடிதம் கண்டு மனது கனத்துவிட்டது. இரண்டு பேருடையது. அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

செவிலிமேட்டுக் கோதண்டபாணிக்குக் கொஞ்சம் நிலமும் வீட்டில் ஒரு தறியும் உண்டு. தறியில் உட்காருவது அவன் சம்சாரம் பூவம்மாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்பு மச்சம், மிதிக்கும்போது கட்டையில் உரசி ரத்தம் வருகிறது என்று வந்தாள். துணைக்கு ஓரகத்தியைக் கூட்டிவந்திருந்தாள். கோதண்டபாணியின் தம்பி முனிசாமியின் சம்சாரம், தேவகி என்று பேர், இருபத்திரண்டு வயசு இருக்கும். பூவம்மாளுக்கு எடுத்துத் தைத்து முடித்தேன். அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டு, "டாக்டரய்யா, எனக்குங் கையில ஒண்ணு இருக்குது. அக்காவுக்கு எடுத்த கையோட இதையும் எடுத்துடுங்க. இன்னொரு நாளு என்னை யாரு கூட்டிக்கினு வருவாங்க" என்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சரி என்று அதையும் எடுத்துப் போட்டேன். "ஒரே வீடுதானே சார், ஒரே பாட்டில் போதும்" என்றான் சிட்டிபாபு. நோட்டில் பூவம்மாள் வந்ததுமட்டும் வீட்டுப் பேரில் இருக்கிறது.

பெரியது பூவம்மாளுடையது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரத்தம் வந்ததும் அதில்தான். நீ கவலைப்பட வேண்டாம். கோதண்டபாணியை வரவழைத்துச் சொல்லிவிட்டேன். வரும் வாரம் பூவம்மாளை உன்னிடம் அழைத்து வருவான். பாவம், ஏழெட்டு வருஷமாகக் குழந்தை இல்லாத பெண். தேவகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இரண்டு பேரும் அக்கா தங்கை போலத்தான் இருக்கிறார்கள்.

இனிமேல் ஆளுக்கு ஒரு பாட்டில் என்று சிட்டிபாபுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா,
தர்மதாஸ்


சென்னை,
22-6-1968

அன்புள்ள அப்பாவுக்கு,

திரிசலா வணக்கம். பூவம்மாளை நேற்று ஊருக்கு அனுப்பிவைத்தோம். ஆபரேஷன் பெரியது. காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலை எடுத்து, தொடையிலிருந்து வேறு தோல் வைத்து மூடியிருக்கிறார்கள். தொடை இடுக்கில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கால் வீங்கும், அது வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை முனகவில்லை அந்தப் பெண். வார்டில் பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருப்பாள். புறப்படும்போது, "உங்க அப்பாதாம்மா என் உசுரைக் காப்பாத்துனாரு, வேற டாக்டரா இருந்தா குழியில கொட்டிட்டு இருப்பாரு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. எடுத்த தோலையும் நெறிக்கட்டிகளையும் நான்தான் பார்த்தேன். எங்கேயும் புற்று இல்லை. விளிம்பு வரை இருந்தது என்று நானே எழுதியிருந்தேனே, மிச்சம் எங்கே போனது? சில சமயம் அப்படி ஆவதுண்டு, உடம்பே அழித்துவிடும் என்று எங்கள் துறைப் பெரியவர் சொல்கிறார். இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் பழைய தழும்பின் ஓரத்தில் சாதாரண மச்சத்தின் செல்கள் கொஞ்சம் இருந்தன. அந்தச் சிறிய துண்டில் பார்த்த அதே மாதிரி.

அப்பா, பெரியதுதான் காலில் இருந்தது என்பது உறுதிதானே? தேவகியை ஒருமுறை கூப்பிட்டு அந்தக் கைத் தழும்பைப் பாருங்கள். முடிந்தால் இங்கே அனுப்புங்கள். அரை நாள் வேலை.

உங்கள் அன்பு மகள்,
திரிசலா


காஞ்சிபுரம்,
30-6-1968

அன்புள்ள திரிசலாவுக்கு,

அப்பா எழுதுவது. உறுதிதானே என்று இன்னொரு முறை கேட்டிருக்கிறாய். நான் உன் மாணவன் இல்லை. ஒரு விஷயத்தை ஒருமுறை சொன்னால் போதும் என்று இருந்த காலம் போய்விட்டது போலிருக்கிறது. உன் பெரியவரே அப்படி ஆவதுண்டு என்று சொன்ன பிறகு என்ன சந்தேகம்?

தேவகி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். மசக்கை தாங்காமல் முசரவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இந்த நேரத்தில் அவளைப் பட்டணத்துக்கு இழுத்தடித்துப் பயமுறுத்த வேண்டாம். கை நன்றாகத்தான் இருக்கிறதாம், முனிசாமியைக் கேட்டேன்.

பூவம்மாள் கால் வீங்கித்தான் இருக்கிறது. தறிக்குழியில் இறங்கி மிதிக்க முடியவில்லை.

உன் அம்மா நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறாள். நவராத்திரிக்காவது வா.

அப்பா


சென்னை,
10-2-1969

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று காலையில் வெளி நோயாளிகள் பக்கம் போனபோது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. சீட்டில் தேவகி, செவிலிமேடு என்று இருந்தது. ஆறாம் மாதத்திலிருந்தே இருக்கிறதாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பால் கட்டும், சரியாகிவிடும் என்று அம்மா வீட்டில் சொல்லிவிட்டார்களாம். கையில் தழும்பு இருந்த இடம் கறுத்துத் தடித்திருக்கிறது. "இது உங்க அப்பா எடுத்ததும்மா" என்று சிரித்துக்கொண்டே காட்டினாள்.

ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அந்தப் பெரிய துண்டின் பழைய ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

ஈரலிலும் வந்துவிட்டது. இங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தைக்கு ஐம்பது நாள் ஆகிறது, பெண் குழந்தை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இந்தத் தடவை மழுப்பாமல் எழுதுங்கள். போன ஏப்ரலில் உங்களுக்கு உண்மையிலேயே நினைவிருந்ததா?

திரிசலா


காஞ்சிபுரம்,
13-2-1969

அன்புள்ள பாப்பாவுக்கு,

நினைவில்லை. நினைவில்லாமல்தான் எழுதினேன்.

நீ பரீட்சையில் கேட்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தாய். நோட்டைப் புரட்டினேன், ஒன்றுமில்லை. சிட்டிபாபுவைக் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று உனக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் எனக்கு முகம் தெரியும், நோட்டு எதற்கு என்று எழுதியிருந்தேன். உட்கார்ந்து யோசித்தேன். ரத்தம் வந்த மச்சம்தானே கெட்டதாக இருக்கும், அது பூவம்மாளுடையது, அப்படியென்றால் பெரியது அவளுடையது. இப்படித்தான் முடிவு கட்டினேன். நன்றாக நினைவிருக்கிறது என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேன்.

இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சொல்லாமல் விட்டால் தூங்க முடியாது. உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் தோல் இறுக்கமாக இருக்கும், இழுத்துத் தைக்க வராது. அங்கே நான் எப்போதும் சின்னதாகத்தான் வெட்டுவேன். கையில் தோல் தளர்ச்சி, தாராளமாக வெட்டலாம். பெரிய துண்டு கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது இது தோன்றியது. அப்படியே எழுந்துவிட்டேன். உன் அம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

அடுத்த நாள் முசரவாக்கம் போய்வர வேண்டும் என்றுதான் இருந்தேன். போனால் பூவம்மாளுக்கு என்ன பதில் சொல்வது? அவள் காலை நானல்லவா கெடுத்தேன். ஒருவேளை நான் தப்பாக நினைக்கிறேனோ, ஒருவேளை இரண்டிலுமே ஒன்றுமில்லையோ என்று நாளைக் கடத்தினேன். உனக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். போட்டதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அறுபத்திரண்டு வயசு. இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து விரல் நீட்டியதில்லை. உன்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் பாப்பா. அந்தப் பெண்ணுக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்.

உன் அப்பா


சென்னை,
2-6-1969

அப்பாவுக்கு,

தேவகி வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனாள். கடைசி இரண்டு வாரம் நினைவு வந்து வந்து போயிற்று. நினைவு வரும்போதெல்லாம் குழந்தைக்குப் பால் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். அவளால் கொடுக்க முடியாமல் போய் மூன்று மாதம் ஆகிறது.

உங்கள் பிப்ரவரி மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அறுபத்திரண்டு வயசு என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு இருபத்து மூன்று. ஜூன் மாதம் அவள் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அப்போது அக்குளில் ஒன்றும் இல்லை. பிழைத்திருக்கலாம்.

என்மேலும் தப்பு இருக்கிறது. தழும்பின் ஓரத்தில் இருந்த செல்களை என் கண்ணால் பார்த்தேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நான் பார்த்ததை ஒதுக்கிவைத்தேன். வேறு எந்த டாக்டர் அப்படி எழுதியிருந்தாலும் நானே பஸ் ஏறி வந்து நோட்டைக் கேட்டிருப்பேன்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. உடலை வாங்க வந்தபோது முனிசாமி என்னிடம் தனியாகக் கேட்டார். "அண்ணி வியாதி ஒட்டிக்கிச்சுதாம்மா இவளுக்கு? ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கினு இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துக்கினு, ஒரே சீப்புல தலை வாரிக்கினு இருந்தாங்க." ஒட்டாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. பூவம்மாளை மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார்களாம். தட்டு, சொம்பு எல்லாம் தனி. குழந்தையை அவள் கண்ணிலேயே காட்டுவதில்லையாம்.

அவளுக்கு எந்தக் காலத்திலும் அந்த வியாதி வந்ததே இல்லை. உலகத்தில் இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். செவிலிமேடு உங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல். போய்ச் சொல்லுங்கள். காரியம் முடிவதற்குள் சொல்லுங்கள்.

திரிசலா


காஞ்சிபுரம்,
15-6-1969

அன்புள்ள பாப்பாவுக்கு,

காரியத்தன்று செவிலிமேடு போனேன். போகாமல் இல்லை.

என்னைக் கண்டதும் முனிசாமி ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "எங்க வீட்டுக்காக நீங்க வந்தீங்களே டாக்டரய்யா" என்று அழுதான். நாற்காலி எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டார்கள். கூட்டம் முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வியாதி ஒட்டாது, பூவம்மாளைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கோதண்டபாணி மெதுவாகக் கேட்டான்: "ஒட்டாததுன்னா, ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு எப்பிடிங்க வந்துது?"

அதற்கு என்ன பதில் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சில சமயம் அப்படி ஆவதுண்டு என்றேன். நீ எழுதிய அதே வார்த்தை. காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

பூவம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வீங்கிய காலைப் புடவையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் வேகமாக வண்டியில் ஏறிவிட்டேன்.

சொல்லிவிட்டால் நாளைக்கு என் ஆஸ்பத்திரிப் படியை யார் மிதிப்பார்கள்? மிதிக்க வேண்டாம், மூடிவிடலாம். ஆனால் உன் அம்மா இந்த ஊரில் கோவிலுக்குப் போக வேண்டும், கடைத்தெருவுக்குப் போக வேண்டும். கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும். அவர்களே பூவம்மாளை உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். நீ இதைப் பெரிதுபடுத்தாதே. ஒரு வருஷமாக நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. உன் அம்மா தினமும் வாசலைப் பார்க்கிறாள். வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ.

உன் அப்பா


சென்னை,
30-6-1969

மதிப்பிற்குரிய டாக்டர் தர்மதாஸ் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை செவிலிமேடு போய்வந்தேன். காஞ்சிபுரத்தில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. நம் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வெற்றிலைக் கடை காமாட்சியம்மாள் பார்த்துவிட்டு, "அப்பா வீட்லதாம்மா இருக்காரு" என்றார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கோதண்டபாணி, முனிசாமி, பூவம்மாள் மூன்று பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு துண்டு ஒரே பாட்டிலில் வந்தது, நான் அதைத் திருப்பி அனுப்பாமல் பார்த்தது, தேவகியுடையதைப் பூவம்மாளுடையது என்று எடுத்துக்கொண்டது, இல்லாத வியாதிக்கு இவள் காலை வெட்டியது, இருந்த வியாதியோடு அவளை விட்டுவிட்டது. யார் செய்தார்கள் என்று பேர் சொல்லியே சொன்னேன். என் பேரையும் சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று.

பூவம்மாள்தான் முதலில் பேசினாள். "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?" என்றாள். ஒன்றுமே இல்லை, எப்போதும் இல்லை என்றேன். "நான்தான் அவளுக்குத் தலை வாரி விடுவேன். என் கையாலதான் அவ செத்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன். தெனமும் அந்தக் கொட்டாயில உக்காந்துக்கினு அதான் நெனப்பு" என்றாள். பிறகு, "குழந்தையத் தூக்கலாமா?" என்று கேட்டாள். தூக்கலாம் என்றேன். கோதண்டபாணி சுவரைப் பார்த்துக்கொண்டு, குழந்தை முசரவாக்கத்தில் இருக்கிறது, காரியம் முடிந்த மறுநாளே தேவகியின் அம்மா எடுத்துப்போய்விட்டாள், இனி இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள் என்றார். அங்கேயும் போனேன். அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்காரி என்றுதான் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் காரியத்தன்று சொல்லியிருந்தால் குழந்தை செவிலிமேட்டிலேயே இருந்திருக்கும்.

பேதாலஜித் துறையில் இன்று என் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். வேறு ஒருவர் ஸ்லைடைப் பார்ப்பார். நீங்கள் அனுப்ப வேண்டியதைத் துறையின் பேருக்கு அனுப்பலாம். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் இங்கே வந்தால் வைத்துக்கொள்வேன். நான் அங்கே வரமாட்டேன்.

முனிசாமி கேட்டதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "இதெல்லாம் எங்க டாக்டரய்யாவுக்குத் தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்றேன். "எப்பலேர்ந்து?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், அவருக்காகவாவது சொல்லியிருக்கலாம். போன வருஷம் ஆனி மாதத்திலிருந்து என்று சொல்லிவிட்டேன். அவர் ஆனி, ஆடி, ஆவணி என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிப்பதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
டாக்டர் த. திரிசலா